கிட்டுக்கே ஒரு பேட்ச்: முதல் கமிட்டிலிருந்து மாஸ்டர் வரை

நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அதன் நிரலுக்குள் போய் ஒரு வரியை மாற்றி, அந்த மாற்றத்தை மூலத் திட்டத்துக்கே கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சி மொழி நன்றாகத் தெரிந்தவர்கள்கூட இங்கே தயங்குகிறார்கள், ஏனென்றால் மாற்றத்தைக் கொடுக்கும் முறையே வேறு. கிட்டின் நிரல் கிட்ஹப்பில் கிடைக்கும், ஆனால் அங்கே புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போட்டால் அதை யாரும் அப்படியே மெர்ஜ் செய்ய, அதாவது மூலத்தோடு இணைக்க, மாட்டார்கள். மாற்றங்கள் பேட்ச்களாக, அதாவது எந்த வரி எப்படி மாறியது என்று காட்டும் உரைகளாக, திட்டத்தின் மெயிலிங் பட்டியலுக்குப் போகின்றன, மெயிலிலேயே வரிவரியாக அலசப்படுகின்றன, திருத்தி மறுபடி அனுப்பப்படுகின்றன.

இது ஏதோ பழைய பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதேபோன்ற கருவியின் இலவச உரிமம் 2005இல் கையைவிட்டுப் போனபோது, லினஸ் டொர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். மெயிலில் பேட்ச் அனுப்பிப் பழகிய கூட்டத்துக்காகவே எழுதப்பட்ட கருவி அது. அதே வருடம் ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்தார், அன்றிலிருந்து அவர்தான் மெயின்டெய்னர், எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர். அதனால் பேட்ச் உருவாக்க, அனுப்ப, வாங்கிப் பொருத்த, இரண்டு பதிப்புகளை ஒப்பிட என்று எல்லாவற்றுக்கும் கிட்டுக்குள்ளேயே கட்டளை இருக்கிறது. ஒருமுறை கற்றுக்கொண்டால் இதே பாணியில் நடக்கும் வேறு திட்டங்களுக்கும் உதவும்.

நான் பார்த்தவரை ஒரு பேட்ச் கிடப்பில் போவது நிரல் மோசமாக இருப்பதால் அல்ல, ஏன் இந்த மாற்றம் என்று படிக்கிறவருக்குப் புரியாததால்தான். எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், உட்கார்ந்து படித்துப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அவர்களுடைய நேரத்தை மனதில் வையுங்கள், பாதி விதிகள் தாமாகப் புரிந்துவிடும்.

எதில் தொடங்குவது

பெரிய அம்சம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வராதீர்கள். முதல் பேட்சின் வேலையே பாதையைப் பழகுவதுதான். ஆவணத்தில் ஒரு தவறான வாக்கியம், குழப்பமான ஒரு பிழைச் செய்தி, பழைய பாணியில் எழுதப்பட்ட ஒரு டெஸ்ட் என்று இப்படி ஒன்று போதும். மெயிலிங் பட்டியலின் பழைய உரையாடல்களில் "லெஃப்ட்ஓவர்பிட்ஸ்" என்ற குறிச்சொல்லைத் தேடுங்கள். யாராவது செய்தால் நல்லது என்று மூத்தவர்கள் ஒதுக்கிவைத்த சின்னச் சின்ன வேலைகள் அங்கே கிடைக்கும். ஆனால் ஒன்றை எடுப்பதற்கு முன் அது ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள், சில குறிப்புகள் பல வருடம் பழையவை.

நிரலோடு வரும் ஆவணங்களில் மூன்றைப் படிக்காமல் இறங்க வேண்டாம்: பேட்ச் சமர்ப்பிப்பது பற்றியது, நிரல் எழுதும் பாணி பற்றியது, முதல் பங்களிப்புக்கான பாடம். மூன்றும் டாக்குமென்டேஷன் அடைவில் இருக்கின்றன. மூன்றாவது ஒரு புதுக் கட்டளையையே அடியிலிருந்து எழுதிக் காட்டும், ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்கினால் வீண் போகாது.

நிரலை எடுத்து ஓட்டிப் பாருங்கள்

குளோன் செய்ததும் (நிரலை உங்கள் கணினிக்கு நகலெடுத்ததும்) நிரலைக் கட்டும் மேக் கட்டளையை டெவலப்பர் என்ற மாறிக்கு 1 கொடுத்து ஓட்டுங்கள். அப்போது கம்பைலரின் கூடுதல் எச்சரிக்கைகள் எல்லாம் பிழைகளாகவே மாறி நிற்கும், மற்றவர் கண்ணில் படுவதற்கு முன் நீங்களே பிடித்துவிடலாம். அப்புறம் எதையும் தொடாமல் டெஸ்ட் தொகுப்பை ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். நேரம் எடுக்கும், பரவாயில்லை. உங்கள் கணினியில் முன்பே தோற்கிற டெஸ்ட் ஏதாவது இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் பின்னால் அதை உங்கள் மாற்றத்தின் தவறு என்று நினைத்து அரைநாள் தேடுவீர்கள்.

பாணியைப் பொறுத்தவரை உள்தள்ளலுக்கு டேப், ஒரு வரி 80 எழுத்துக்குள். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதைப் பக்கத்தில் இருக்கும் நிரலைப் பார்த்துச் செய்யலாம். பழைய கோப்பில் பாணி சரியில்லை என்று தோன்றினால் உங்கள் திருத்தத்தோடு சேர்த்து அதையும் ஒழுங்குபடுத்தாதீர்கள். வெறும் அழகுக்காகச் செய்த மாற்றம் உண்மையான மாற்றத்தை மறைத்துவிடும்.

எந்த பிராஞ்சின் மேல் கட்டுவது

பிராஞ்ச் என்பது நிரலின் ஒரு தனிக் கிளை, இங்கே பலர் சறுக்குகிறார்கள். வெளியான பதிப்பில் இருக்கும் பிழைக்கான திருத்தம் என்றால் மெயின்ட் பிராஞ்சிலிருந்து கிளம்புங்கள், புது அம்சம் என்றால் மாஸ்டரிலிருந்து. நெக்ஸ்ட், சீன் இரண்டின் மேலும் கட்டக் கூடாது. அவற்றில் இன்னும் முடிவாகாத பலருடைய வேலை கலந்திருக்கிறது, அதிலும் சீன் அடிக்கடி கலைத்துப் புதிதாகக் கட்டப்படும். உங்கள் மாற்றம் இன்னும் மாஸ்டருக்கு வராத வேறொருவரின் வேலையை நம்பியிருந்தால், அந்த ஒரு பிராஞ்சை மட்டும் மாஸ்டரோடு மெர்ஜ் செய்து அதன் மேல் கட்டி, அப்படிச் செய்ததைப் பேட்ச்களுக்கு முன் போகும் அறிமுக மெயிலான கவர் லெட்டரில் சொல்லிவிடுங்கள்.

டெஸ்ட் எழுதுவது

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு துணைக் கட்டளைக்குக் காலியான கோப்பைக் கொடுத்தால், அது ஒன்றும் சொல்லாமல் வெற்றி என்று முடிந்துவிடுகிறது, பிழைச் செய்தி வந்திருக்க வேண்டும். (கற்பனைதான், தேடாதீர்கள்.) இதைத் திருத்துவதற்கு முன் டெஸ்டை எழுதுங்கள். டி என்ற அடைவில் நான்கு இலக்க எண்ணோடு தொடங்கும் ஷெல் ஸ்கிரிப்டுகள் இருக்கும், உங்கள் கட்டளைக்கான ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இருந்தால் அதிலேயே சேருங்கள்.

ரிவ்யூவில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சில விஷயங்கள் உண்டு, முன்பே தெரிந்துகொண்டால் ஒரு சுற்று மிச்சம். டெஸ்டுக்குள் இருக்கும் கட்டளைகள் எல்லாம் இரண்டு ஆம்பர்சன்டால் சங்கிலியாகக் கோக்கப்பட வேண்டும், நடுவில் ஒன்று அறுந்தால் அதற்கு முன் தோற்றது தெரியாமல் போய்விடும். கிட் கட்டளையின் வெளியீட்டைப் பைப் போட்டு நேராக, வரிகளைத் தேடும் கிரெப் கட்டளைக்கு அனுப்பாதீர்கள், கிட் தோற்றாலும் பைப்பின் கடைசிக் கட்டளையின் விடைதான் கணக்கில் வரும். முதலில் ஒரு கோப்பில் வாங்குங்கள், பிறகு பாருங்கள். கிட் தோற்க வேண்டும் என்று சோதிக்கும்போது முன்னால் ஆச்சரியக்குறி போடாமல் டெஸ்ட்-மஸ்ட்-ஃபெயில் என்ற உதவிச் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள். ஆச்சரியக்குறி போட்டால், கட்டளை முறைப்படி பிழை சொல்லி வெளியேறினாலும் நினைவக மீறலில் செத்து விழுந்தாலும் இரண்டும் ஒன்றுதான். அந்த உதவிச் செயல்பாடு இரண்டையும் பிரித்துப் பார்க்கும். கிட் அல்லாத சாதாரணக் கட்டளைகளுக்கு ஆச்சரியக்குறியே போதும்.

டெஸ்ட் தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் நிரலைத் திருத்துங்கள். திருத்தம் சின்னது என்றால் டெஸ்டையும் அதையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒரே பதிவாக) வைப்பது எனக்குப் பிடித்த வழி. படிக்கிறவர் நிரல் பகுதியை மட்டும் பின்வாங்கிப் பார்த்து, டெஸ்ட் உண்மையிலேயே இந்தப் பிழையைப் பிடிக்கிறதா என்று உடனே உறுதிசெய்யலாம்.

கமிட் செய்தி: இங்கே நேரம் செலவழியுங்கள்

தலைப்பு வரி முதலில் எந்தப் பகுதி என்று சொல்லும், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்கிறோம் என்பது. நீளம் 50 எழுத்துக்கு அருகில் இருந்தால் நல்லது, கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாம். செய்தியை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், முக்காற்புள்ளிக்குப் பின் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும்.

செய்தியின் உடல் பகுதிக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் இன்றைய நிலை, அதையும் நிகழ்காலத்தில்: "கட்டளை இப்போது காலிக் கோப்பைப் படித்தால் வளையத்துக்குள் நுழையாமலே வெற்றி என்று திரும்புகிறது." அடுத்து அதனால் என்ன தொல்லை, யாருக்கு: "இதை ஸ்கிரிப்டில் பயன்படுத்துகிறவர் தன் முந்தைய கட்டளை தோற்றுக் கோப்பு காலியானதைக் கவனிக்காமல் மேலே போய்விடுகிறார்." கடைசியில் தீர்வு, நிரலுக்கே கட்டளையிடுவதுபோல: "காலிக் கோப்பை முன்கூட்டியே கண்டுபிடித்துப் பிழை சொல்." 'நான் மாற்றினேன்', 'இந்த பேட்ச் மாற்றுகிறது' என்றெல்லாம் எழுதத் தேவையில்லை.

இதற்கு மேல் ஒன்று உண்டு, அதுதான் நல்ல செய்தியைச் சாதாரணச் செய்தியிலிருந்து பிரிக்கிறது: நீங்கள் யோசித்துக் கைவிட்ட வழிகள். வளையத்துக்குள்ளேயே ஒரு எண்ணியை வைத்திருக்கலாமே என்று படிக்கிறவருக்குத் தோன்றும். அது ஏன் ஒத்துவரவில்லை என்பதை இரண்டு வரியில் எழுதிவிட்டால் அந்தக் கேள்வியோடு ஒரு மெயிலும் ஒரு நாளும் மிச்சம். ஐந்து வருடம் கழித்து வேறு யாரோ கிட் பிளேம் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டு இந்த வரிக்கு வருவார், அவருக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், இந்தச் செய்தி மட்டும்தான் இருக்கும். பழைய கமிட்டைக் குறிப்பிட வேண்டுமானால் சுருக்கிய ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி), அடைப்புக்குறிக்குள் அதன் தலைப்பு, தேதி என்று எழுதுங்கள். கிட் ஷோவுக்கு ரெஃபரன்ஸ் என்ற வடிவத்தைக் கொடுத்தால் அதுவே எழுதித் தரும்.

கடைசி வரி சைன்டு-ஆஃப்-பை. கமிட் செய்யும்போது எஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் தானாக வரும். இதை வெறும் சடங்கு என்று எண்ணாதீர்கள். இந்த நிரலை இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் சான்று தருகிறீர்கள். அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் எழுதியது என்றால் உங்கள் நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள். பெயரில்லாமல் வரும் பங்களிப்பை ஏற்பதில்லை. அந்த வரிக்கு மேலே உதவியவர், பிழையைச் சொன்னவர், யோசனை கொடுத்தவர் ஆகியோரைத் தனித்தனி வரிகளில் குறிப்பிடலாம், குறிப்பிடவும் வேண்டும்.

துண்டு துண்டாகப் பிரிப்பது

ஒரு கமிட்டில் ஒரு விஷயம். ஒரு செயல்பாட்டை வேறு கோப்புக்கு நகர்த்தி, அதோடு அதன் உள்ளே இரண்டு வரியையும் மாற்றினால், அந்த இரண்டு வரியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நகர்த்துவது ஒரு கமிட், மாற்றுவது அடுத்த கமிட். இப்படி வரும் கமிட்டுகளின் தொடரில் நடுவில் எங்கே நிறுத்தினாலும் நிரல் கம்பைல் ஆக வேண்டும், டெஸ்டுகள் தேற வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் பைசெக்ட் செய்கிறவர் (பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடுகிறவர்) உங்கள் கமிட்டில் வந்து மாட்டிக்கொள்வார். இதைச் சோதிக்க ஊடாடும் ரீபேஸில் (கமிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அடுக்கும் வழி) எக்ஸெக் விருப்பத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் மேக்கும் டெஸ்டும் ஓடும்படி செய்யலாம்.

வேலை செய்யும்போது வரலாறு தாறுமாறாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. முந்தைய கமிட்டைத் திருத்தும் ஃபிக்ஸ்அப் கமிட்டுகளாகப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் அவற்றை உரிய கமிட்டுகளோடு சேர்க்கும் ஆட்டோஸ்குவாஷோடு ரீபேஸ் செய்யுங்கள். நீங்கள் தட்டுத்தடுமாறி வந்த பாதை யாருக்கும் தேவையில்லை, நேராக வந்திருந்தால் எப்படி வந்திருப்பீர்களோ அப்படி அடுக்கிக் கொடுங்கள்.

அனுப்புவது

கிட் ஃபார்மட்-பேட்ச் ஒவ்வொரு கமிட்டையும் ஒரு மெயில் கோப்பாக்கும். இரண்டு பேட்சுக்கு மேல் இருந்தால் கவர் லெட்டர் விருப்பத்தையும் கொடுத்து, தொடர் முழுதும் எதற்கு என்று அதில் எழுதுங்கள். யோசனையை மட்டும் கேட்டுப் பார்க்கிறீர்கள் என்றால் தலைப்பில் ஆர்எஃப்சி (கருத்துக் கேட்பு) என்று சேர்த்துவிடுங்கள், அப்போது யாரும் இடைவெளியையும் எழுத்துப்பிழையையும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பேட்சிலும் மூன்று கோடுகள் உள்ள வரிக்குக் கீழே, மாற்ற விவரத்துக்கு மேலே ஒரு இடம் இருக்கும். வரலாற்றில் சேரக் கூடாத, ஆனால் இப்போது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டிய குறிப்பை அங்கே எழுதலாம்.

அனுப்ப கிட் சென்ட்-இமெயில். எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் சர்வர்) விவரங்களை ஒருமுறை அமைத்துவிட்டு, முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, கிட் ஏஎம் கட்டளையால் வேறொரு குளோனில் பொருத்திப் பாருங்கள். சாதாரண மெயில் செயலியில் ஒட்டி அனுப்பினால் டேப்கள் இடைவெளியாகிவிடும், நீள வரிகள் மடிந்துவிடும், பேட்ச் பொருந்தாது. ஹெச்டிஎம்எல் மெயில் அந்தப் பட்டியலை எட்டவே எட்டாது. யாருக்கு நகல் போடுவது? அந்தப் பகுதியில் சமீபத்தில் வேலை செய்தவர்களை கிட் பிளேமும் ஷார்ட்லாகும் காட்டும், கான்ட்ரிப் அடைவில் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்கிரிப்டும் இருக்கிறது.

இந்த மெயில் அமைப்பே பெரிய தடையாக இருந்தால் கிட்கிட்கேஜெட் என்ற பாலம் உண்டு. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் திறந்து, கருத்தில் சப்மிட் கட்டளையை எழுதினால் அது பேட்ச்களாக மாற்றி அனுப்பிவிடும், ரிக்வெஸ்டின் விளக்கம் கவர் லெட்டராகும். முதல்முறை வருகிறவருக்கு ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் வழிவிட வேண்டும். வரும் பதில்களுக்கு மட்டும் நீங்கள் மெயிலிலேயே பதில் எழுதுங்கள்.

பதில்கள் வரத் தொடங்கியதும்

முதல் பதிலைப் பார்த்ததும் மனது கொஞ்சம் சுருங்கும். பாராட்டு ஒரு வரி இருக்கும், இல்லாமலும் இருக்கும், கேள்விகள் பத்து இருக்கும். உங்கள் நிரலை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்பதுதான் அந்த மெயில் சொல்வது. வேலைக்கு ஆகாது என்று நினைத்த பேட்சுக்கு யாரும் பத்துக் கேள்வி எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கருத்துக்கும் அதன் கீழேயே பதில் எழுதுங்கள், தேவையில்லாத மேற்கோளை வெட்டிவிடுங்கள். ஒத்துக்கொண்டால் சரி, அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன் என்று ஒரு வரி போதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள், மெயின்டெய்னரே சொல்லியிருந்தாலும் தவறாகப் பட்டால் மறுக்கலாம், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். செய்யக் கூடாதது மௌனமாக இருப்பதும், கருத்தைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பதிப்பை அனுப்புவதும். ஒருவர் உங்கள் நிரலைத் தவறாகப் புரிந்துகொண்டு கேட்டிருந்தால் அவருக்கு மெயிலில் விளக்கம் கொடுத்ததோடு நிறுத்தாமல், அந்த விளக்கத்தைக் கமிட் செய்தியிலோ நிரல் கருத்திலோ சேர்த்துவிடுங்கள். அவருக்கு வந்த குழப்பம் அடுத்தவருக்கும் வரும்.

இரண்டாம் பதிப்பை அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். காலையில் ஒருவர் சொன்னதைத் திருத்தி மதியமே அனுப்பிவிட்டால், உலகின் மறுபக்கத்தில் தூங்கி எழுந்து முதல் பதிப்பைப் படிக்கத் தொடங்கியவரின் உழைப்பு வீணாகிறது. ஓரிரு நாள் பொறுத்து, வந்ததை எல்லாம் சேர்த்துச் செய்யுங்கள். பதிப்பு எண்ணை ஃபார்மட்-பேட்சிடம் சொன்னால் தலைப்பில் போட்டுக்கொள்ளும், முதல் பதிப்பின் கவர் லெட்டருக்குப் பதிலாக அனுப்பினால் உரையாடல் ஒரே இழையில் நிற்கும். அப்புறம் ரேஞ்ச்-டிஃப் என்று ஒன்று இருக்கிறது, 2018இல் வந்த 2.19 பதிப்பிலிருந்து. பழைய தொடரையும் புதிய தொடரையும் கமிட்டுக்குக் கமிட் ஒப்பிட்டு, செய்தியில் என்ன மாறியது, நிரலில் என்ன மாறியது என்று காட்டும். அதைக் கவர் லெட்டரில் சேர்த்தால், எட்டுப் பேட்சில் மாறியது இரண்டுதான் என்று படிக்கிறவர் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டு அதை மட்டும் படிப்பார். எனக்குக் கிட்டில் மிகவும் பிடித்த கட்டளைகளில் இது ஒன்று.

ஒரு வாரம்போல ஆகியும் பதிலே இல்லையா? மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். புதுப் பதிப்பு வெளியாகும் நேரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஒரு வெளியீட்டுச் சுழற்சி சுமார் 8 முதல் 10 வாரம், அதன் கடைசியில் எல்லோர் கவனமும் பிழைகளைச் சரிசெய்வதில் இருக்கும்.

நீங்களும் ரிவ்யூ செய்யுங்கள்

இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, இரண்டு பேட்ச் அனுப்பியிருந்தாலே போதும். ஒரு தொடரை எடுத்து, பட்டியலிலிருந்து பேட்ச்களை இறக்கித் தரும் பி4 கருவியாலோ கிட் ஏஎம்மாலோ உங்கள் கணினியில் பொருத்துங்கள். முதலில் கமிட் செய்தியை மட்டும் படித்து, நான் இதை எப்படிச் செய்திருப்பேன் என்று யோசித்துவிட்டு, பிறகு நிரலைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கேதான் நல்ல கேள்வி இருக்கும். திருத்தத்தைப் பின்வாங்கி டெஸ்ட் தோற்கிறதா என்று பாருங்கள். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் சானிட்டைசரோடு கட்டி ஓட்டினால் நினைவகக் கசிவும் தெரியும்.

எழுதும்போது கட்டாயம் மாற வேண்டியதையும், மாறினால் நன்றாக இருக்கும் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். சின்ன விஷயம் என்றால் "நிட்" என்று முன்னால் போடுவது வழக்கம். புரியாத இடத்தைப் புரியவில்லை என்றே எழுதுங்கள், புதிதாக வந்தவருக்குப் புரியாத நிரல் என்பதே பயனுள்ள தகவல். நன்றாக எழுதப்பட்ட டெஸ்டைப் பார்த்தால் அதையும் சொல்லுங்கள், அனுப்பியவர் இரண்டு நாளாக மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். ரிவ்யூடு-பை வரியைப் படித்தவர் தானாகத்தான் கொடுக்க வேண்டும், அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது. அதனால் முழுதும் படித்து, மனது ஒத்துக்கொண்டால் மட்டும் கொடுங்கள்.

சீன், நெக்ஸ்ட், மாஸ்டர்

உங்கள் தொடர் சீனில் தெரிந்தால் ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள் இல்லை, மெயின்டெய்னர் பார்த்திருக்கிறார், மற்றவற்றோடு மோதுகிறதா என்று சோதிக்கிறார், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் நீங்கள் தொடரை முழுதாக மாற்றி அனுப்பலாம். "என்ன சமைக்கப்படுகிறது" என்ற பொருளில் அவர் அவ்வப்போது அனுப்பும் நிலவரத்தில் உங்கள் பிராஞ்சின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: ரிவ்யூ தேவை, புதுப் பதிப்புக்குக் காத்திருக்கிறது, நெக்ஸ்டில் சேரும். அந்த வரி தவறு என்று தோன்றினால் அந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.

நெக்ஸ்டில் சேர்ந்த பிறகு கதை மாறும். இனி பழைய பேட்சை மாற்றி அனுப்ப முடியாது, தவறு தெரிந்தால் அதன் மேல் இன்னொரு பேட்சாகத்தான் திருத்த வேண்டும், அதன் செய்தியில் முன்பு என்ன தவறியது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம்போல அங்கே இருந்து, யாரும் தொல்லை என்று சொல்லாவிட்டால் மாஸ்டருக்குப் போகும். அதற்கப்புறம் வரும் அடுத்த வெளியீடு வரை மெயிலைக் கவனித்துக்கொண்டிருங்கள். உங்கள் மாற்றத்தால் எங்கோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் நின்றுபோனது என்று செய்தி வந்தால், அந்தப் பகுதியைப் பற்றி அன்றைக்கு மிக நன்றாகத் தெரிந்தவர் நீங்கள்தான், முதல் பதிலை நீங்களே எழுதுங்கள்.